கறிமீனும் டாங்கியும்

மாமியார் வீட்டில் நான் பெயரைக் கெடுத்துக்கொண்டது ஒரு டாங்கியால். பெருவிரல் நகம் அளவு மஞ்சள் டாங்கி, டீவிக்குள் ஓடுவது.

எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. இன்னமும் கல்முனைக்குடிக் கடற்கரையில் கரைவலைக்குத்தான் போகிறேன். இப்போது வலையை டிரக்டர் இழுக்கிறது. நாங்கள் கயிற்றைச் சுருட்டுகிறோம், வலையின் பை போன்ற மடி கரைக்கு வந்ததும் மீனை அள்ளுகிறோம். முதுகுக்கு இது நல்லது. கையால் இழுத்த காலம்தான் காலம் என்று யாராவது சொன்னால் அவன் ஒரு நாளும் இழுத்ததில்லை என்று விளங்கிக்கொள்ளலாம். அந்தக் காலத்திலிருந்து ஏதாவது ஒன்று எனக்குத் திரும்பக் கிடைக்குமென்றால் இஸ்மாலெவ்வை காக்காவின் முன்னறையைத்தான் கேட்பேன். அங்கே டீவி விளையாட்டில் ஒவ்வொரு கட்டமும் தொடங்க முன்னர் மூன்று விநாடிக்கு ஒரு சின்ன இசை வரும். எங்கேயாவது பழைய போனில் அந்த மாதிரிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் பெருவிரல் தானாக அசைகிறது.

வாப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். நானும் பன்னிரண்டு வயதில் தூக்கத் தொடங்கி, பதினாறில் கயிற்றுக்கு வந்தேன். கரைவலைக் கயிறு இழுப்பது என்றால் இடுப்பில் பட்டி கட்டி, அதைக் கயிற்றில் கொளுவிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி பின்பக்கமாக நடப்பது. இரண்டு மணித்தியாலம், சில நாள் மூன்று. வரிசையின் கடைசிக்குப் போனவன் பட்டியைக் கழற்றிக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்கு வந்து மறுபடி கொளுவுவான். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் பின்னால் நடந்தோம் என்று யாரும் அளந்ததில்லை. மணல் சூடாகி, உள்ளங்கால் தோல் மாட்டுக் குளம்பு மாதிரி ஆகிவிடும். விளையாட்டு என்று ஒன்று எனக்கு இருந்ததில்லை. பந்து உருட்டும் வயதில் உமி அள்ளினேன்.

தொண்ணூற்றாறில் ஸுஹைறாவைக் கலியாணம் முடித்தேன். எனக்கு இருபத்துமூன்று, அவளுக்குப் பத்தொன்பது. எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருப்பான். வீடு பெண்ணின் பெயரில் எழுதப்பட்டிருக்கும். மாமா கச்சிமுகம்மது வேளாண்மைக்காரர். விதைத்துவிட்டால் வயலிலேயே வாடி போட்டுத் தங்குவார். வியாழன் பின்னேரம் வந்து சனி விடியப் போவார். மற்ற நாட்களில் வீட்டில் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். மாமி ஆயிஷா உம்மா அந்தக் கால வழக்கப்படி புது மருமகனோடு நேரே கதைக்க மாட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதைக் கோழிக்குச் சொல்வார், பூனைக்குச் சொல்வார், இரண்டும் இல்லாவிட்டால் குசினிச் சுவருக்குச் சொல்வார். கேட்டுக்கொள்வது என் பொறுப்பு.

அந்த வீட்டில் எனக்கிருந்த மரியாதை கறிமீன். மடி கரைக்கு வந்ததும், வியாபாரிகள் விலை கேட்க முன்னர், கயிறு இழுத்த ஒவ்வொருவனுக்கும் வீட்டுக் கறிக்கென்று குவியலிலிருந்து ஒரு அள்ளு மீன் போடுவார்கள். அது கூலி அல்ல. கூலி வியாழக்கிழமைப் பங்கில் வரும், அதை நான் அப்படியே ஸுஹைறாவின் கையில் கொடுத்துவிடுவேன். கறிமீன் வீட்டுச் சட்டிக்குப் போக வேண்டியது. அதை ஓலை உமலில் போட்டுத் தூக்கிக்கொண்டு பத்து மணிக்கு ஒழுங்கையால் வரும்போது, எந்த வீட்டு மருமகன் என்ன கொண்டு போகிறான் என்று ஒவ்வொரு வீட்டு வாசல் கடப்படியிலும் கண் இருக்கும். முதல் சில மாதம் நான் உமலைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பிறகு இஸ்மாலெவ்வை காக்கா குவைத்திலிருந்து வந்து சேர்ந்தார்.

அவர் வீடு கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில், எங்கள் வீட்டிலிருந்து நாலு வளவு தள்ளி. ஒரு கலர் டீவியும், சிவப்பு வெள்ளையில் ஒரு டீவி கேம் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். முன்னறையில் உட்கார இரண்டு வாங்கு போட்டு, ஒரு அலாரம் மணிக்கூட்டை வைத்து, நேரத்துக்கு இவ்வளவு சல்லி என்று விளையாட விட்டார். முதல் கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். இரண்டாம் கிழமை அவர்களைக் கூப்பிடப் போன தகப்பன்மார் திரும்பி வரவில்லை. நான் போனது கரண்ட் வேலைக்கு ஒரு கை பிடிக்க. சுவிட்சைப் போட்டதும் டீவியில் அந்த இசை வந்தது.

கறுப்புத் திரை. அதில் செங்கல் மதில்கள். கீழே நடுவில் ஒரு பறவை, அதைச் சுற்றி நாலைந்து கல். மேலேயிருந்து எதிரி டாங்கிகள் இறங்கி வரும். நம்முடைய மஞ்சள் டாங்கியை ஓட்டி அவற்றை அடிக்க வேண்டும். பறவையை அவர்கள் அடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அது என்ன பறவை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நாங்கள் கோழி என்றோம். அது யுத்த காலம், எங்கள் பிரதான வீதியில் உண்மையான கவச வண்டிகள் போய் வந்தன. அதன் சத்தம் கேட்டால் ஒழுங்கைக்குள் ஒதுங்குவோம். ஒதுங்கிப் போய் இதை ஓட்டுவதற்கு வரிசையில் நின்றோம். அதில் ஏதும் புதினம் இருப்பதாக அன்றைக்கு யாருக்கும் படவில்லை.

ஏன் அப்படி விழுந்தேன் என்று பின்னால் யோசித்திருக்கிறேன். கயிற்றில் நான் முப்பது பேரில் ஒருவன். பலமாக இழுத்தாலும், இழுக்கிற மாதிரி நடித்தாலும், வலை ஒரே வேகத்தில்தான் வரும். டீவியில் நான் அமத்தினால் குண்டு போனது. நான் பிழை விட்டால் நான் செத்தேன். அதற்கு முன்னர் என் கை செய்த வேலை இன்னதென்று தனியாக எனக்கு யாரும் காட்டியதில்லை. உப்பில் வெடித்த பெருவிரலால் அந்தப் பொத்தானை அமத்த நெருப்பு மாதிரி எரியும். எரிய எரிய அமத்தினேன்.

கையில் சல்லி இல்லை, பங்குதான் ஸுஹைறாவிடம் போய்விடுகிறதே. உமலைப் பார்த்துவிட்டு இஸ்மாலெவ்வை காக்காதான் வழி சொன்னார். சல்லிதான் வேணுமெண்டு ஆர் சொன்ன, முஸ்பிறாவுக்கு மீனெண்டா உசிரு என்றார். முஸ்பிறா அவருடைய மனைவி. முதல் நாள் நாலு மீன் கொடுத்தேன். அடுத்த நாள் பாதி. மூன்றாம் கிழமை உமலோடு கொடுத்துவிட்டு, வெறும் உமலைக் கடலில் கழுவிக் காயவைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் மீன் படவில்லை என்று சொன்னேன். பொய் சொல்லத் தெரிந்தவன் அந்தப் பொய்யைச் சொல்ல மாட்டான். எங்கள் ஊரில் மீன் பட்டு அரைமணித்தியாலத்தில் சைக்கிள்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு அதே மீனை அதே ஒழுங்கையில் விற்பான். இடப்பக்க வீட்டில் அதைப் பொரிப்பார்கள், வலப்பக்க வீட்டில் ஆணம் காய்ச்சுவார்கள். நடுவில் எங்கள் வீட்டில் முருங்கையிலைச் சொதி. மாமி குசினி வாசலில் நின்று பூனையோடு கதைத்தார்.

“கடல் வத்திட்டாம்கா. நீ அடுத்த ஊட்டுக்குப் போ. அங்க மட்டும் தண்ணி இரிக்காம்.”

நான் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். ஸுஹைறா ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல். அவள் அதிகம் சாப்பிடவும் இல்லை, இரண்டு வாய் வைத்துவிட்டு எழும்பிவிடுவாள். என்னால் பட்டினி கிடக்கிறாளே என்று மனம் குத்தியது. அதற்காக விளையாட்டை விட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

டீவிக்குப் பக்கத்துச் சுவரில் சோக்கட்டியால் அவரவர் போன கட்டத்தை எழுதி வைப்போம். ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளம். என்னுடையது தூண்டில் முள். பத்தொன்பதாம் கட்டத்துக்கு நான் போன அன்று, அறையில் இருந்த எல்லாருமாகச் சேர்ந்து என் முதுகில் அடித்தார்கள். ஊரில் யாரும் பதினாறைத் தாண்டியிருக்கவில்லை. இரண்டு நாள் நான் நிலத்தில் நடக்கவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், தூண்டில் முள்ளுக்கு மேலே ஒரு வெறும் புள்ளி. பக்கத்தில் இருபத்தொன்று.

யாரென்று கேட்டேன். காலையில வாற ஆள் என்று மட்டும் சொல்லிவிட்டு இஸ்மாலெவ்வை காக்கா மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்தார்.

காலையில் யார் சும்மா இருப்பான்? எங்களைப் போல ஆட்கள் கயிற்றில். மற்றவர்கள் வயலில், கடையில். பிரதேச சபையில் வேலை செய்த ஒருவனைச் சந்தேகப்பட்டேன். பள்ளியில் பாங்கு சொல்பவரின் தம்பியைச் சந்தேகப்பட்டு அவனோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்தேன். பாவம், அவனுக்கு ஒரு கண் பார்வை குறைவு. இரவும் பகலும் அந்தப் புள்ளிதான். கயிறு இழுக்கும்போது அலை வரிசை வரிசையாக வரும், நான் அதில் எந்த மூலையால் டாங்கி இறங்கும் என்று பார்த்துக்கொண்டு நடப்பேன். எனக்கு முன்னால் இழுத்த அலியார் ஒரு நாள், மச்சான் நீ கயித்த இழுக்கிறியா, அமத்திறியா என்று கேட்டான். என் பெருவிரல் கயிற்றில் துடித்துக்கொண்டிருந்ததாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாமி பூனையை விட்டுவிட்டுச் சுவரோடு கதைத்தார். சுவரோடு கதைத்தால் விசயம் பெரிது.

“வியாழக்கிழம இவட வாப்பா வரட்டும். ஊட்டுக்கு மீன் கொண்டரத் தெரியாத ஆம்புளய உம்மா ஊட்டுக்கே அனுப்பிப் போடுவம்.”

பெண் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மாப்பிள்ளையை ஊர் எப்படிப் பார்க்கும் என்று விளக்கத் தேவையில்லை. என் நிலை அதைவிட மோசம். உம்மாவின் வீடு எனக்கு மூத்த ராத்தாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தாகிவிட்டது, அங்கே அவர் மாப்பிள்ளை இருக்கிறார். எனக்குப் போய்ப் படுக்க ஒரு கூரை இல்லை. அதோடு, சொன்னால் என்ன, ஸுஹைறாவை எனக்குப் பிடித்திருந்தது. அவள் தலைவாருவதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் அந்த வீட்டில் நான் இருந்திருப்பேன்.

புதன்கிழமை கறிமீனை ஒழுங்காக வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாமி வாங்கி வைத்தார், சுவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே இருந்திருக்கலாம். பின்னேரம் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். புள்ளிக்குப் பக்கத்தில் இருபத்துநாலு.

வியாழன் விடிய, தோணியை ஓட்டும் தண்டயல் கடலைப் பார்த்துவிட்டு, தண்ணீர் கறுத்திருக்கிறது என்றார். வலை வளைத்து வந்தார்கள். கயிறு பாரமாக இருந்தது. பாரமான கயிறு என்றால் மீன் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரிந்தது. மடி கரைக்கு வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது, ஓடிப் போய் ஆளைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பட்டியைக் கழற்றினேன். பாரக் கயிற்றை நடுவில் விடுவது எங்களுக்குள் மன்னிப்பு இல்லாத காரியம். அலியார் திரும்பிப் பார்த்தான்.

இஸ்மாலெவ்வை காக்காவின் வாசலில் திரை போட்டிருந்தது. படியில் செருப்புகள். ஐந்து சோடி, எல்லாம் பெண்களின் செருப்பு. நான் முற்றத்தில் நின்றுவிட்டேன். பொரித்த மீன் மணம் வந்தது. உள்ளே சிரிப்பு.

அந்த ஐந்து சோடியில் ஒன்று மெரூன் நிறம். அதன் வார் அறுந்தபோது வலை நூலால் தைத்துக் கொடுத்தது நான்தான்.

“புள்ள, இடப்பக்கத்தால ஒருத்தன் வாறான்,” என்று முஸ்பிறா ராத்தாவின் குரல்.

“வரட்டும் ராத்தா. வாறவன் அங்கேயே கிடப்பான்.”

என் மனைவி அப்படிக் கதைத்து அதற்கு முன்னர் நான் கேட்டதில்லை. வீட்டில் அவள் குரல் கோப்பை வைக்கிற சத்தத்துக்கு மேலே எழும்பாது. ஆண்கள் கயிற்றுக்குப் போன பிறகு காலையில் அந்த அறை பெண்களுடையது என்பதும், நானும் மற்றவர்களும் கொடுத்த கறிமீனை முஸ்பிறா ராத்தா அடுத்த நாள் காலை வரை வைத்திருந்து அவர்களுக்குப் பொரித்துக் கொடுக்கிறார் என்பதும், மத்தியானம் அவள் ஏன் இரண்டு வாயோடு எழும்பினாள் என்பதும் அந்த முற்றத்தில் நின்றுகொண்டே எனக்கு விளங்கியது. புள்ளி யாருடையது என்பதும்.

அதட்டிக் கூப்பிட்டிருக்கலாம். திரும்பி ஓடி, மடி வர முன்னர் கயிற்றைப் பிடித்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. அவள் எந்தக் கட்டத்தில் நிற்கிறாள் என்று அறிய வேண்டியிருந்தது. கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து காது கொடுத்தேன். ஒரு கட்டம் முடிந்து அந்த இசை வந்தது. அடுத்தது முடிந்து மறுபடி வந்தது. கோழி செத்த சத்தம் கேட்டதும்தான் எழும்பினேன்.

கடற்கரைக்குப் போனபோது மடி கரையில் கிடந்தது. கீரி மீன். அந்த வருசத்திலேயே பெரிய மீன்பாடு. மணல் முழுக்க வெள்ளி. ஆட்கள் முழங்கால் வரை மீனுக்குள் நின்று அள்ளினார்கள். வலை முதலாளி என்னைப் பார்க்காமலே சொன்னார், கயிறு விட்டவனுக்குப் பங்கும் இல்லை, கறிமீனும் இல்லை என்று. அன்றைக்கு ஒழுங்கையில் சைக்கிள்காரன் ஹோர்ன் அடிக்கவில்லை. எல்லா வீட்டிலும் மீன் இருந்தது, யாருக்கு விற்பது? நான் வெறும் உமலோடு வந்தேன். அலியாரின் மனைவி எனக்கு முன்னரே வந்து மாமியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

பின்னேரம் மாமா வந்தார். காலைக் கழுவிவிட்டு உட்கார்ந்து பிளேன்டி குடித்தார். மாமி குசினியிலிருந்து வந்து, முக்காட்டை இழுத்துவிட்டு, கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

“மருமகன், இண்டைக்குக் கயித்த உட்டுட்டு எங்க போன நீங்க?”

ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் அவள் பக்கம் திரும்பிவிடும். முடித்துக் கொடுத்த பெண், உம்மாவுக்குத் தெரியாமல், அயல் வீட்டில், டீவி கேம். நான் சொல்லவில்லை. பெரிய மனது என்று நினைக்க வேண்டாம். அவள் இருபத்துநாலு, நான் பத்தொன்பது. அதை மாமா முன்னால் என் வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது.

“டீவி கேம் விளாடுற ஊட்டுக்குப் போன மாமி. கறிமீனையும் அங்கதான் குடுத்த, இவ்வளவு நாளும்.”

மாமா கோப்பையை வைத்தார். மாமி, கேட்டீங்களா என்று அவரைப் பார்த்தார். இப்படிப்பட்டவனை இனியும் வைத்திருப்பதா, இன்றைக்கே அவன் உடுப்பைக் கட்டிக் கொடுப்போம் என்றார். கட்டுவதற்கு என்னிடம் இருந்தது இரண்டு சாரமும் ஒரு சேட்டும். கதவுக்குப் பின்னால் தேங்காய் திருவிய சத்தம் நின்றது. ஸுஹைறா கையில் தேங்காய்ப்பூவோடு வெளியே வந்தாள்.

“அந்த மீன நானும் திண்ட உம்மா. நீங்க சொதியோட சோறு திண்ட நாளெல்லாம் நான் முஸ்பிறா ராத்தா ஊட்டுல பொரிச்ச மீன் திண்ட. விளாடின. இவர அனுப்புறண்டா என்னையும் அனுப்புங்க.”

“ஒன்ன எங்ககா அனுப்புற? இது ஒன்ட ஊடு.”

சொல்லி முடித்த பிறகுதான் மாமிக்குத் தான் சொன்னது விளங்கியது. மாமா கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்.

“அது சரிதானே. ஊட்டு உறுதி அவட பேருல. ஊட்டுக்காரி அனுப்பினாத்தான் ஆள் போகலாம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சனிக்கிழம மொதலாளிட்ட நீயே போ. நான் ஒனக்காக வந்து கதைக்கமாட்டன்.”

மாமி குசினிக்குப் போய் சட்டிகளைத் தேவைக்கு அதிகமாகக் கழுவினார்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு வலை இல்லை. ஸுஹைறா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். நாலாவது வாளியில் கேட்டேன்.

“பத்தொம்பதுல நீ எப்படித் தப்பின?”

அவள் சவர்க்கார நுரையைக் கையிலிருந்து வழித்துவிட்டு, ஈரமணலில் ஈர்க்கிலால் மதில் மதிலாகக் கீறினாள். நான் எங்கே நிற்பேன் என்று கேட்டாள். மேலே, அவர்கள் வருகிற வாசலிலேயே போய் அடிப்பேன் என்றேன்.

“அதான் சாகிற. வாசல் மூணு. நீங்க ஒராள். கோழிக்குக் கிட்ட நிக்கணும், வாறவன் வரட்டும்.”

“பயந்தவன் மாதிரியா?”

“ஊட்டுல நிக்கிற ஆள் மாதிரி.”

குட்டு பலமாக விழுந்தது. அவள் சிரிக்கவில்லை, மணலில் அடுத்த கட்டத்தைக் கீறினாள். ஜும்ஆவுக்கு நேரமாக முன்னர் இருபத்துநாலாவது கட்டம் வரை கீறி முடித்தோம். அவ்வளவு நேரம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எதைப் பற்றியும் கதைத்ததில்லை. கலியாணம் முடித்து எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் அவளோடு பழகத் தொடங்கினேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பெட்டியில் இரண்டு பேர் சேர்ந்து விளையாட இரண்டு ரிமோட் இருந்தது. ஆனால் காலை பெண்களுக்கு, மற்ற நேரம் ஆண்களுக்கு, நாங்கள் இரண்டு பேரும் அந்த வாங்கில் ஒன்றாக உட்கார வழியில்லை. பல வருசம் கழித்து மகனுக்கு ஒரு செட் வாங்கியபோது அவள் ஒன்றைப் பிடித்தாள், நான் ஒன்றைப் பிடித்தேன். முப்பத்தைந்து கட்டத்தையும் ஒரே நாளில் முடித்தோம். முடிந்ததும் முதலாம் கட்டம் திரும்ப வந்தது. அவள் எழும்பி உலை வைக்கப் போனாள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மணலில் கீறிய இருபத்துநாலு மாதிரி இல்லை. இஸ்மாலெவ்வை காக்காவின் வீட்டைச் சுனாமி அத்திவாரத்தோடு கொண்டுபோனது, அவரையும் கொண்டுபோனது. முஸ்பிறா ராத்தா நிந்தவூரில் மகளோடு இருக்கிறார். எங்கள் வீடும் போய், இப்போது வேறு இடத்தில் வீட்டுத்திட்டத்தில் இருக்கிறோம். அதுவும் ஸுஹைறாவின் பெயரில்தான்.

சனிக்கிழமை விடிய முதலாளியிடம் போனேன். எல்லாரும் பார்க்க நிற்கவைத்து, ஒரு பாட்டம் ஏசினார். வயிற்றுவலிக்கு மருந்து இஸ்மாலெவ்வையின் வீட்டிலா விற்கிறார்கள் என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரிக்க வேண்டியிருந்தது. கடைசியில், ஒரு மாதம் பங்கு கிடையாது, கறிமீன் மட்டும் தருவேன், விருப்பமென்றால் கயிற்றைப் பிடி என்றார். வரிசையின் கடைசியில் போய்ப் பட்டியைக் கொளுவினேன். அன்றைக்கு இழுத்த கயிறு மாதிரி இலேசான கயிற்றை நான் பிறகு இழுத்ததில்லை.

கறிமீன் கிடைத்தது, சூடை மீன், ஒரு அள்ளு. மாமியே கடப்படிக்கு வந்து உமலை வாங்கினார். குசினி வாசலில் குந்தியிருந்து செதில் தட்டினார். தட்டிக்கொண்டே ஏதோ யோசித்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

“முஸ்பிறாட ஊட்டுக்கும் கொஞ்சம் பொரிச்சிக் கொண்டு குடுக்கணும். நீ அவ்வளவு நாள் அங்க திண்டிரிக்காய். ஆயிஷா உம்மாட மகள் சும்மா திண்டுட்டுப் போன எண்டு நாளைக்கி ஒரு பேச்சு வரப்படாது.”

ஸுஹைறா தலையை மட்டும் ஆட்டினாள். எத்தனை நாளைக்கு என்று மாமி சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. அவ்வளவு நாள் தின்றதற்கு அவ்வளவு நாள் கொடுக்க வேண்டும் என்பது மாமியின் நியாயமாக இருக்க வேண்டும்.

ஞாயிறு காலையில் நான் கயிற்றுக்குப் போன பிறகு அவள் பொரித்த மீனைப் பீங்கானில் வைத்து மூடி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். பத்து மணிக்கு உமலோடு நான் வந்தபோது இன்னும் வீடு வந்து சேரவில்லை. மாமி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். என்னை நேரே பார்த்தே கேட்டார்.

“ஒரு பீங்கான் குடுத்துட்டு வாறத்துக்கு இவ்வளவு நேரமா மருமகன்?”

“முஸ்பிறா ராத்தா பிடிச்சி வச்சிக் கதைச்சிக்கிட்டு இரிப்பா மாமி,” என்றேன்.

மாமி விளக்குமாற்றைத் தட்டிவிட்டு உமலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஸுஹைறா வந்தாள். பீங்கான் கழுவி வெறுமையாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, குசினிப் பக்கம் ஒரு பார்வை பார்த்து, என்னைத் தாண்டிப் போகும்போது வாய்க்குள் சொன்னாள்.

“இருபத்தாறு.”